ஷிப்டு மாறினாலும் மாறாத அரைமணி நேரம்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் பெரும்பாலானோர் போடும் திட்டம் ஒன்றுதான்: தினமும் இரவு 8 மணிக்கு உட்கார்ந்து ஜெர்மன் மொழி படிப்பது. கிடங்கிலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்ப்பவருக்கு இது சில வாரங்கூடத் தாங்காது. ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை ஃப்ரூஷிஹ்ட் (காலை ஷிப்டு), அடுத்த வாரம் இரவு 10 வரை ஸ்பேட்ஷிஹ்ட் (மாலை ஷிப்டு), பிறகு நைட். அதே 8 மணிக்கு ஒரு வாரம் கண் சொருகும், ஒரு வாரம் வேலையில் நிற்பீர்கள், ஒரு வாரம் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே படிப்பைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். எந்த ஷிப்டிலும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். தூங்கி எழுந்ததும் போடும் முதல் டீ அதற்குத் தோதான இடம். விடிகாலை 4 மணியானாலும் பிற்பகல் 2 மணியானாலும் டீ உண்டு. புதுச் சொற்களை எழுதி வைக்கும் கார்டுப் பெட்டி கெட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். அலமாரிக்குள் போனால் அதோடு மறந்துவிடும்.

பெட்டி என்றால் கார்டைகாஸ்டன். ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். ஐந்து அறை. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பிரபலப்படுத்திய முறை இது: புதுச் சொல் முதல் அறையில், சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு. முதல் அறை தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, மற்றவை இன்னும் தள்ளி. 'டிஷ்' (மேசை) என்று மட்டும் எழுதாதீர்கள், 'டெர் டிஷ்' என்று பாலைக் காட்டும் ஆர்ட்டிகிளோடு எழுதுங்கள். பின்னால் தனியாகச் சேர்ப்பது இரட்டை வேலை. நாளுக்கு 10 புதுக் கார்டு போதும். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தின் பி1 (இடைநிலை; தொடக்கம் ஏ1, அடுத்தது ஏ2) பட்டியலில் சுமார் 2400 சொற்கள். ஏ1 அளவான 650 ஏற்கெனவே தெரியும் என்றால் மீதம் 1750. வாரம் 5 நாள், 50 சொல் என்ற கணக்கில் 35 வாரம். ஞாயிறன்று உற்சாகத்தில் 60 கார்டு எழுதித் திணிப்பவர்கள்தாம் புதன்கிழமை முதல் அறையைப் பார்த்து மிரண்டு பெட்டியையே மூடிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நம்மவர்கள் வாயைத் திறக்காமல் படிப்பவர்கள். குடியேறியவர்களுக்கான இன்டெக்ராட்சியோன்ஸ்குர்ஸ் வகுப்பின் முடிவில் வரும் டிடிஇசட் என்ற மொழித் தேர்வில் மொத்தமாக பி1 கிடைக்க, பேச்சில் பி1 கட்டாயம். அதோடு எழுத்து, அல்லது கேட்டல்-வாசிப்பு, இரண்டில் ஒன்று போதும். அதாவது மற்றதிலெல்லாம் தேறிப் பேச்சில் சறுக்கினால் ஏ2தான். பேச்சுத் தேர்வு இன்னொருவரோடு ஜோடியாக, சுமார் 16 நிமிடம்: தன்னைப் பற்றிச் சொல்லுதல், ஒரு படத்தைப் பற்றிப் பேசுதல், இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுதல். மூன்றாவதில்தான் நாம் மாட்டிக்கொள்வோம். எதிராளி சொன்னதற்கெல்லாம் 'யா, யா' என்று தலையாட்டினால் மதிப்பெண் வராது. மறுத்துப் பேசவும், மாற்று யோசனை சொல்லவும் நாலைந்து வாக்கியங்கள் நாக்கில் தயாராக இருக்க வேண்டும். கார்டு பார்த்து முடிந்ததும் ஒரு நிமிடம் போனில் உங்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நேற்று வேலையில் நடந்ததைச் சொன்னால் போதும். வாரம் ஒருமுறை மனிதரோடு பேச, நகர நூலகத்தில் ஷ்பிராஹ்கஃபே (மொழி பேசிப் பழகும் சந்திப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். பாட்மின்டன் ஃபெரைன் (சங்கம்) ஒன்றில் சேர்வது என் கணக்கில் அதைவிட மேல். அங்கே யாரும் உங்களுக்காக மெதுவாகப் பேச மாட்டார்கள், பயிற்சி நாளும் மாறாது.

அக்டோபர் கடைசி ஞாயிறு கோடை நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி பின்னே போகும்போது பலரின் பழக்கம் உடைகிறது. இருட்டு ஒரு காரணம். டிசம்பரில் மாலை 4 மணிக்கே விளக்குப் போட வேண்டும். இன்னொன்று ஊருக்குப் போடும் போன். கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. அம்மா இரவு 9 மணிக்குப் பேசுவார் என்றால் அது இங்கே மாலை 5.30லிருந்து 4.30க்கு நகர்கிறது. அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்தவர் "பேசிட்டுப் படிக்கலாம்" என்பார், பிறகு படிப்பதில்லை. கடிகாரம் மாறும் முன்பே வீட்டில் பேசி, போன் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. நைட் ஷிப்டு வாரத்துக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள்: புதுக் கார்டு கிடையாது, பழையதில் ஐந்து, வாய்விட்டு ஒரு வாக்கியம். மூன்று நிமிடம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும் என்பதால், எழுத்துப் பயிற்சியை அன்றைக்கு வையுங்கள்: தேர்வில் போலவே 30 நிமிடம், நான்கு குறிப்புகளுக்கும் பதில் தரும் ஒரு கடிதம். ஹீட்டிங் வேலை செய்யவில்லை என்று வீட்டு நிர்வாகத்துக்கு எழுதிப் பழகினால் ஜனவரியில் நிஜமாகவே உதவும்.

ப்ளூ கார்டு என்ற பணி அனுமதியில் ஐடி வேலைக்கு வந்தவர்கள் ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்று இதைத் தள்ளிப்போடுவார்கள். பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27.

ஜெர்மனியின் அரசியல், வரலாறு, சமூகம் பற்றிய 'லேபன் இன் டாய்ச்லான்ட்' தேர்வின் 310 கேள்விகளோடு முதலில் மல்லுக்கட்டாதீர்கள். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பதால் அது சுலபம். சுலபம் என்பதாலேயே பேச்சுப் பயிற்சியின் நேரத்தைத் தின்றுவிடும். தேர்வில் வருவது 33, குடியுரிமைக்கு 17 சரியாக இருக்க வேண்டும். நாளுக்கு 10 என்று கடைசி 31 நாளுக்கு அதை ஒதுக்குங்கள்.