முடி மாத்திரை மறைத்த தைராய்டு

பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாக இருந்தும் ஒருத்தி தனக்கு உடம்பு முடியவில்லை என்றால், முதலில் அவள் சொல்வதை நம்ப வேண்டும். தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் தோழிக்குத் தைராய்டு குறைபாடு இருக்கிறது என்று தெரிவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் இல்லை. செய்தார்கள், தைராய்டு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இதை எழுதச் சொன்னதே அவள்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவளுக்கு வீடு வடசென்னை கொருக்குப்பேட்டையில், வேலை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில். கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அந்தக் கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள் பகல் முழுக்க உட்காருவதே அபூர்வம். புடவையை விரித்துக் காட்டி, மடித்து, மறுபடி விரித்து, தீபாவளி நேரமென்றால் நள்ளிரவு வரை நிற்பார்கள். பதினைந்து வருடமாக அந்த வேலையைச் செய்கிறவளுக்கு அசதி புதிதில்லை. அப்படிப்பட்டவள், "இது வேறு மாதிரி இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டாற்போலவே இருக்கிறது" என்றபோது எனக்குத் திக்கென்றது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மதிய நேரம், எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளோ சேலை முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாள். பேச்சு மெதுவாக வந்தது. குரல் தடித்திருந்தது. சளி பிடித்திருக்கிறதா என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்களாம். காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும், வளையல் ஏறாது. இரவில் விரல்கள் மரத்துப்போய் விழிப்புத் தட்டும். மாதவிலக்கு வந்தால் துணி மாற்றி முடியாது. மலச்சிக்கல். தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி. சாப்பாடு குறைந்தும் எடை கூடியிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். வீட்டுப் பக்கத்து மருத்துவர் ரத்த சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். விரல் மரத்துப்போவதற்கு ஓரிடத்தில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. கொழுப்பு அதிகமாக இருந்தது, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொன்னார்கள். மாமியார், "நாற்பதை நெருங்கினால் எல்லோருக்கும் இப்படித்தான்" என்றார். முடிக்கு மட்டும் அவளே ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். அங்கே பயோட்டின் என்ற வைட்டமினை 10 மில்லிகிராம் அளவில் கொடுத்தார்கள். தைராய்டு பார்த்தீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு மருத்துவர் தைராய்டுக்கு எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.எச். மட்டும். 3.8 என்று வந்தது. தாளில் அச்சிட்டிருந்த வரம்புக்குள்தான் இருந்தது. "தைராய்டு இல்லையம்மா. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவள் போனில் பேசிய விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தன்னைத்தானே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டாள். "வேலைக்குப் போக மனமில்லாமல் நானே கற்பனை செய்கிறேனோ?" என்று கேட்டாள். பதினைந்து வருடம் நின்று சம்பாதித்தவள் கேட்கிற கேள்வியா அது?

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "இன்னும் சுரந்து கொடு" என்று அனுப்பும் கட்டளை அது. கழுத்திலிருக்கும் தைராய்டு சோர்ந்தால் கட்டளை உரக்கும், டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு தேவைக்கு மேல் சுரந்தால் கட்டளை அடங்கும், டி.எஸ்.எச். இறங்கும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சரியான அளவாகக் கொள்கிறார்கள். பரிசோதனை நிலையத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். பெரும்பாலானவர்களுக்கு முதல் பரிசோதனையாக இது போதும், மருத்துவர்கள் இதை மட்டும் எழுதுவதில் தவறும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் வீங்கி, குரல் தடித்து, வெயிலில் நடுங்கும்போது அந்த ஓர் எண்ணோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கதை அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் கூலி போகும் என்று அவள் தயங்கினாள். நான் விடவில்லை. முதல் நாள் இரவே அவளை உட்கார வைத்து, நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றில் எழுதினோம்: எந்தத் தொந்தரவு எந்த மாதத்தில் தொடங்கியது, மாதவிலக்கு எத்தனை நாள், எடை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. பழைய தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினோம். மாத்திரைகளைப் பெயர் எழுதாமல் அட்டையோடும் டப்பாவோடும் ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டோம். நோயாளிகள் வரிசையில் வெளியே நிற்கும்போது ஒரு மருத்துவருக்கு நம்மிடம் கதை கேட்க நேரம் இருக்காது. அந்த நேரத்தை நாம்தான் மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்று, பிறகு சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போனபோது வெயில் ஏறிவிட்டிருந்தது.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். எதுவும் சொல்லாமல் நாடி பிடித்தார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து வாயில் வைத்திருக்கச் சொல்லி, "இப்போது விழுங்கும்மா" என்றார். விழுங்கும்போது கழுத்தின் முன்பக்கம் லேசான ஒரு மேடு மேலேறி இறங்கியதை அப்போதுதான் நானும் பார்த்தேன். பிறகு அவளை ஒரு நாற்காலியில் முழந்தாளிட்டு, பாதம் இரண்டும் வெளியே தொங்கும்படி இருக்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் சிறிய ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று உதைத்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது, தண்ணீருக்குள் அசைவதுபோல அவ்வளவு மெதுவாக இறங்கியது. மருத்துவர் அங்கிருந்த மாணவர்களை அழைத்து, "இதைப் பாருங்கள்" என்று மறுபடி தட்டிக் காட்டினார். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் தசை தளர்வது தாமதமாகுமாம்.

அப்புறம் 3.8 என்ற அந்தத் தாளைக் கையில் எடுத்து, "இந்த ரத்தம் கொடுத்தபோது வேறு என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார். துணிப் பையை மேசையில் கவிழ்த்தோம். இரும்பு, தூக்க மாத்திரை, முடி டப்பா. அவர் முடி டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "ரத்தம் கொடுத்த அன்று காலையிலும் இதைச் சாப்பிட்டாயா?" சாப்பிட்டிருந்தாள். தினமும் காலையில் முதல் வேலையே அதுதான்.

விஷயம் இதுதான். பல பரிசோதனைக் கருவிகள் ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனை அளக்க, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் ஏராளமாக மிதந்தால் அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும், கணக்கு குழம்பிவிடும். டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவைக் காட்டும் ஃப்ரீ டி4 உண்மையைவிட அதிகமாகவும் தெரியும். ஆகவே தைராய்டு குறைந்தவர் தாளில் நலமாகத் தெரிவார். நலமாக இருப்பவர் தைராய்டு அதிகமானவராகத் தெரிவார். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். 10 மில்லிகிராம் என்பது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. எல்லாக் கருவிகளிலும் இந்தச் சிக்கல் இல்லை, சில நிறுவனங்கள் முறையை மாற்றியும் விட்டன. ஆனால் நம் ரத்தம் எந்தக் கருவிக்குள் போகிறது என்று நமக்குத் தெரியாதே. குறைந்தது இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. இவளை மருத்துவர் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்.

முடி கொட்டியது தைராய்டால். கொட்டும் முடிக்கு வாங்கிய மாத்திரை அந்தத் தைராய்டையே மறைத்துவிட்டது. முடி கொட்டுகிறது என்று வருகிற பெண்ணிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள், முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

ஒரு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். 31. ஃப்ரீ டி4 வரம்புக்கு வெகு கீழே. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஆன்ட்டி டி.பி.ஓ. பரிசோதனையும் பல மடங்கு அதிகம். ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி என்றார் மருத்துவர். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோய். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்ததால் அவர் பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிகமாக வருகிறது. ரத்த சோகை, கொழுப்பு, மரத்துப்போன விரல்கள், அதிக உதிரப்போக்கு என்று தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். நோய் வந்ததற்காக அழவில்லை. "நான் பொய் சொல்லவில்லை பார்" என்றாள்.

தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரையை 50 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. விடிந்ததும் டீ குடிக்காமல் கண் திறக்காத வீட்டில் இது சுலபமில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அடிபம்பில் தண்ணீர் பிடிக்க எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். குடங்கள் நிரம்பி, வீட்டுக்குள் தூக்கி வைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றினோம். இரும்பும் கால்சியமும் தைராக்சினை உடம்பில் சரியாகச் சேரவிடாது, நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

வீட்டில்தான் பேச வேண்டியிருந்தது. அவள் கணவர், "ஆயுள் முழுக்க மாத்திரையா? பழக்கமாகிவிடாதா?" என்று கேட்டார். "உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம் அண்ணா, போதை இல்லை" என்றேன். மாமியார் முட்டைக்கோஸை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் தவறில்லை என்று மருத்துவரே சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது மருமகள் மாத்திரை போட்டாளா என்று தினமும் கேட்பவர் அவர்தான், டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பவரும் அவர்தான்.

மாத்திரை தொடங்கிய மறு வாரமே ஒன்றும் மாறவில்லை என்று அவள் சோர்ந்தாள். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அளவு நிலைப்பட்டு டி.எஸ்.எச். சரியாகக் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதற்கு முன் ரத்தம் கொடுப்பது வீண் செலவு. அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 11-க்கு இறங்கியிருந்தது, மாத்திரையை 75 ஆக்கினார்கள். அதற்கடுத்த முறை 2.6. குரல் தெளிந்தது. வளையல் ஏறுகிறது. உதிரப்போக்கு குறைந்ததும் ரத்த சோகையும் குறைந்து வருகிறது. முடி மட்டும் நிதானமாகத்தான் வளர்கிறது.

இந்த நோய் குடும்பத்தில் ஓடும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், திருவொற்றியூரில் இருக்கும் அவளுடைய தங்கையையும் அழைத்துப் போனோம். அவளிடம் முதலில் கேட்டது முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறாயா என்றுதான். இல்லை என்றாள். டி.எஸ்.எச். 6.2, ஃப்ரீ டி4 சரியான அளவில், எதிர்ப்பொருள் இருக்கிறது. தொந்தரவு ஒன்றும் இல்லை, கர்ப்பம் தரிக்கும் எண்ணமும் இப்போது இல்லை என்பதால் மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளையும் அக்காவின் கோப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறோம்.