500 யூனிட்டுக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

சின்னவனுக்கு ஒருவழியாகக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. இனிமேல் இந்த வீட்டில் யாராவது "பாட்டில்நெக்" என்று சொன்னால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் அந்த வார்த்தைதான் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று வேகமாக ஓட இன்னொன்று பின்னால் இழுத்தால் அதற்குப் பேர் பாட்டில்நெக்காம். பிராசஸர் பெரிசாக இருந்து, திரையில் படத்தைப் போடுகிற கிராபிக்ஸ் கார்டு சின்னதாக இருந்தால் பாட்டில்நெக். கார்டு பெரிசாக இருந்து பிராசஸர் சின்னதாக இருந்தாலும் பாட்டில்நெக். எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் இருக்கிற ஒரே பாட்டில்நெக் அவன் அப்பாவின் பர்ஸ்தான்.

பட்ஜெட் அறுபதாயிரம். மானிட்டர் என் தம்பி வீட்டுப் பழசு. அறுபதில் நாற்பது மாமா, அதாவது என் மாமனார், கொடுத்தது. "இன்ஜினியரிங் படிக்கப் போற பிள்ளை, கம்ப்யூட்டர் இல்லாம எப்படி?" என்று எஃப்.டி.யை உடைத்துக் கொடுத்தார். கேமிங் என்ற சங்கதியை யாரும் அவர் காதில் போடவில்லை. பணம் கொடுத்தவர் கடைக்கும் வருவேன் என்றபோதுதான் சின்னவனுக்கு முகம் வாடியது.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. செகண்ட் ஹேண்ட் என்றால் உயிர். துணி துவைக்கும்போது பால்கனி வரைக்கும் நடந்து வருமே எங்கள் வாஷிங் மெஷின், அது அவர் தேடிப் பிடித்ததுதான். கிராபிக்ஸ் கார்டையும் அப்படியே பார்க்கலாமே என்றார். சின்னவன் பதறிவிட்டான். எத்தீரியம் என்கிற டிஜிட்டல் காசை, கார்டுகளை ஓடவிட்டுக் கணக்குப் போட்டுச் சம்பாதிப்பதற்கு மைனிங் என்று பேராம்; 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையையே கைவிட்டதும், அதுவரை ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளெல்லாம் துடைத்து மினுக்கப்பட்டு விற்பனைக்கு வந்த கதையைச் சொன்னான். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு மட்டும் "ராத்திரி பகலா ஓடினது" என்ற வரி நன்றாகப் புரிந்தது. முப்பது வருஷம் டிரான்ஸ்ஃபார்மரோடு குடித்தனம் நடத்திய ஈ.பி. மனுஷர். "வெந்து போன காயில்டா அது, வேண்டாம்" என்று ஃபைலை மூடிவிட்டார்.

ரிச்சி தெருவுக்கு மாமா சட்டைப் பையில் டெஸ்டர் சொருகிக்கொண்டு வந்தார். மவுண்ட் ரோடு தாண்டி உள்ளே நுழைந்ததும் "சிசிடிவியா சார், லேப்டாப் பேட்டரியா சார்" என்று பையன்கள் மொய்த்துக்கொண்டார்கள். மாமா ஒவ்வொருவரிடமும் நின்று "இல்லப்பா" என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்ததில், கடைக்குப் போய்ச் சேரவே பொழுது ஏறிவிட்டது.

கடைக்காரர் கொட்டேஷன் போட்டார். கீழே "இன்றைய ரேட் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கோடு வேறு போட்டார். எல்லாம் ரேம் என்கிற மெமரி சிப்புக்காகத்தானாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் எல்லாம் போய்விடுவதால் இந்த விலையாம். தக்காளி விலை ஏறினால் மழையைத் திட்டலாம், இதற்கு யாரைத் திட்டுவது? எட்டு ஜிபி ஒன்று போதாதா என்றேன். எட்டும் எட்டும் ஜோடியாகப் போட்டால்தான் டூயல் சேனலாம், வேகம் வருமாம். சரி, ஜோடியைப் பிரித்த பாவம் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்து பிராசஸர். ரைசன் 5 5600 என்று பையன் சொல்ல, கடைக்காரர் பேச்சுவாக்கில் "5600ஜி போட்டா தனியா கிராபிக்ஸ் கார்டே வேண்டாம் சார், உள்ளேயே இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். மாமாவின் கண் விரிந்தது. "எத்தனை வாட்ஸ்?" "65 சார்." "மொத்தமுமா? அப்ப அதையே போடுங்க!" சின்னவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். படிப்புக்கு எதற்குத் தனியாக ஒரு கார்டு என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது. கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவனே உண்மையைச் சொன்னான். "விளையாடத்தான் தாத்தா."

மாமா கோபித்துக்கொள்வார் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ கடைக்காரரிடம் பேனா வாங்கி, கொட்டேஷன் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். விளையாடும்போது எல்லாம் சேர்ந்து 250 வாட்ஸ். நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினமும் அவ்வளவு என்றால் இரண்டு மாத பில்லுக்கு 60. நம் வீட்டில் ஓடுவது 455. ஆக 515. "ஐநூறைத் தாண்டுதேடா!" ஐநூறுக்குள் இருந்தால் 101லிருந்து 200 வரைக்கும் சலுகை உண்டு, தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும் என்று கடைக்காரருக்கும், பக்கத்தில் மவுஸ் வாங்க வந்த பெண்ணுக்கும் சேர்த்து வகுப்பு எடுத்தார்.

அப்புறம் உலகத்தில் எந்த யூடியூபரும் சொல்லாத முறையில் கிராபிக்ஸ் கார்டு தேர்வு நடந்தது. ஆர்டிஎக்ஸ் 3060, 170 வாட்ஸ். அதில் 12 ஜிபி மெமரி இருக்கிறது என்று பையன் மன்றாடியது எடுபடவில்லை. ஆர்டிஎக்ஸ் 4060, 115 வாட்ஸ். மாமாவுக்குப் பிடித்தது, பட்ஜெட்டுக்குப் பிடிக்கவில்லை. ஆர்எக்ஸ் 6600, 132 வாட்ஸ், விலையும் கைக்குள். "இதுதான் அடக்கமான பிள்ளை" என்று மாமா முத்திரை குத்தினார். பையன் யோசித்துவிட்டு, 1080பி திரைக்கு இது போதும் என்று ஒப்புக்கொண்டான். வேறு வழி?

இத்தனை வாட்ஸ் பார்த்த மனுஷர், உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில்தான் ஆளே மாறிப்போனார். கேபினெட்டோடு இலவசமாக ஒன்று வரும் என்றார் கடைக்காரர். மாமா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மேஜையில் வைக்காமல் கடைக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா." அதன் மேல் 500 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. "எழுத்துல கரண்ட் வராது" என்றார். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்டது எடுங்கள் என்று பையன் சொன்னதும், அதென்ன என்று விசாரித்தார். பாதி லோடில் நூற்றுக்கு 85க்குக் குறையாமல் உள்ளே போய்ச் சேரும், மிச்சம்தான் சூடாகப் போகும் என்று பையன் விளக்க, தாத்தா பேரனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிளஸ் டூ மார்க்குக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை. மேற்கொண்டு ஆன பணத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இனிமேல் பட்ஜெட் என்ற பேச்சுக்கு இடமில்லை. (நாலு ஃபேனிலும் கலர் லைட் எரிகிற கேபினெட் கேட்டான். தீபாவளி சீரியல் செட் பரணில் இருக்கிறது, சுற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.)

இப்போது கம்ப்யூட்டர் என் தையல் மெஷின் இருந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. மேஜைக்கென்று யாருமே காசு ஒதுக்கவில்லையே. மெஷின் கட்டிலுக்கடியில். மாமா தினமும் காலையில் மீட்டர் பார்த்து, காலண்டரில் குறித்து வைக்கிறார். நேற்று மாவரைக்கக் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன், சமையலறை வாசலில் வந்து நின்றார். "பையன் ராத்திரி கொஞ்சம் அதிகமா ஓட்டிட்டாம்மா. இந்த ஒரு தடவை மாவு கடையில வாங்கிக்கலாமா?"

கடை மாவு! அதில் சோடா, அதில் பழைய சோறு, அது வயிற்றுக்கு ஆகாது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுப் படியேற விடாத மனுஷர். கிரைண்டர் 150 வாட்ஸ், அரை மணி நேரம்; யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது மாமா, நானும் பி.எஸ்ஸி கணக்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பையை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.