நிலாவில் அடுப்பு எரியாது

சித்திரை வெயிலில் நாள் முழுக்க வெந்து, ராத்திரி கொஞ்சம் காற்று வரும் என்று உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போனது. எட்டு மணி இருக்கும். குடியிருப்பே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. பாய், தண்ணீர் பாட்டில், விசிறி, ஐந்து குழந்தைகள். தெருவிளக்கும் இல்லாததால் சென்னைப் புறநகரில் நட்சத்திரம் தெரிந்தது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த அறிவியல் வாத்தியார் எழுந்துவிட்டார். அதுதான் நான் செய்த தப்பு.

நிலாவிலிருந்து ஆரம்பித்தேன். "அதுல கறுப்பா தெரியுதே, அது என்ன?"

"பாட்டி வடை சுடறாங்க" என்றாள் என் மகள். ஐந்து வயது. சொல்லிக் கொடுத்தது என் அம்மா.

"இல்லம்மா. ரொம்ப காலத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பு ஓடி, ஆறிப்போய்ப் பாறையான சமவெளி அது. அங்கே காற்றே கிடையாது. காற்று இல்லாம அடுப்பு எரியுமா?"

எதிர்வீட்டுப் பையன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "இண்டக்‌ஷன் அடுப்பா இருக்கும், அங்கிள்."

பாயில் படுத்திருந்த அம்மா, "பாட்டி வடை சுட்டா உனக்கு எங்கேடா வலிக்குது?" என்றார். ஓட்டு எண்ணிக்கையில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

சரி, நம் ஊர்ப் பெருமையைச் சொல்லி மீட்கலாம் என்று சந்திரயான்-3 பக்கம் போனேன். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலாவின் தென்துருவம் பக்கமாக விக்ரம் இறங்கியது, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர், விக்ரமுக்குள்ளிருந்து பிரக்யான் என்ற குட்டி வண்டி உருண்டு வந்தது என்று கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். "நிலாவுல ஒரு பகல் நமக்குச் சுமார் 14 நாள். அது முடிஞ்சு ராத்திரி வந்ததும் பிரக்யானைத் தூங்க வெச்சாங்க. அந்த ராத்திரியும் 14 நாள். குளிர் தாங்காம அது அப்புறம் எழுந்திருக்கவே இல்லை."

கண்கள் விரிந்தன. ஆஹா, விஞ்ஞானம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"14 நாள் ராத்திரின்னா ஸ்கூல் கிடையாதா?"

ஐந்து பேரும் அங்கே குடிபோகத் தயார். பிரக்யானுக்குப் போர்வை கொடுக்காமல் அனுப்பியது யார் என்று நான்கு வயதுக்காரன் மட்டும் அழ ஆரம்பித்தான்.

அவனைத் திசை திருப்ப வடக்கே காட்டினேன். கவிழ்த்து வைத்த கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரம், சப்தரிஷி மண்டலம். கரண்டியின் காம்பில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி. "தொலைநோக்கி வெச்சுப் பார்த்தா வசிஷ்டரே இரண்டா தெரிவார். இன்னும் நுணுக்கமா ஆராய்ஞ்சா அவர் நாலு நட்சத்திரம், அருந்ததி ரெண்டு. ஆக மொத்தம் ஆறு."

"கூட்டுக் குடும்பம்" என்றார் அம்மா, இருட்டிலும் என் மனைவி இருந்த திசையைப் பார்த்து. நான் அவசரமாக ஒளி ஆண்டுக்குத் தாவினேன். அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரச் சுமார் 80 வருஷம் ஆகும், இப்போது பார்ப்பது பாட்டி பிறப்பதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் என்றேன்.

"ஏன் லேட்டு? டிராஃபிக்கா?"

பதில் யோசிப்பதற்குள் மேற்கே ஒரு புள்ளி நகர்ந்து வந்தது. விடுவேனா? "அதோ, சர்வதேச விண்வெளி நிலையம்! 400 கிலோமீட்டர் உயரத்துல, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது. உள்ளே மனுஷங்க இருக்காங்க!" மாடியே எழுந்து நின்று டாட்டா காட்டியது. புள்ளி நெருங்கியது. சிவப்பு விளக்கு மினுக்கியது. அப்புறம் சத்தமும் கேட்டது. மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம்.

"உள்ளே மனுஷங்க இருக்காங்கதானே?" என்று மனைவி ஆறுதல் சொன்னாள். கரண்ட் வந்தது. ஓவென்று கத்திக்கொண்டு ஐந்தும் படியிறங்கி ஓடின. யார் மண்டையிலும் எதுவும் ஏறவில்லை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து உறவினர் கல்யாணம். காலை பத்தரை மணி. பொண்ணு மாப்பிள்ளையை வாசலுக்குக் கூட்டி வந்து, கொளுத்துகிற வெயிலில் சாஸ்திரிகள் வானத்தைக் காட்டினார். "அருந்ததி தெரியறதா?" இரண்டு பேரும் கண் கூச, "தெரியறது" என்றார்கள்.

"அங்கே இல்லை! அது வடக்கே! ராத்திரிதான் தெரியும்!" என் மகளின் குரல் நாதஸ்வரத்தை மீறியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சாஸ்திரிகள் அசரவில்லை. "நீ சொல்றது சரிதான் குழந்தை. ஆனா மண்டபத்தை மூணு மணிக்குக் காலி பண்ணணுமே!"