கேட்பவர்களைப் பேச வைத்த வானொலி

புதுச்சேரியை விட்டு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக உள்ள ரீயூனியன் தீவின் சேன் ஆந்த்ரே ஊரில் நாங்கள் குடியேறிய காலத்தில், தீவு மக்கள் பேசும் கிரியோல் மொழியை என் காதில் ஏற்றியது ரேடியோ ஃப்ரீடம். மருத்துவரான காமில் சூத்ர் 1981 ஜூலை 14 அன்று தலைநகர் சேன் தெனியில் அதைத் தொடங்கினார். பிரான்சில் வானொலி அரசின் தனியுரிமையாக இருந்த காலம் அது. தனியார் ஒலிபரப்புக்கு முதன்முதலில் இடமளித்த சட்டம் அவ்வாண்டு நவம்பரில்தான் வந்தது என்பதால், தொடக்க மாதங்களில் அனுமதியின்றியே அவர் துணிந்து நடத்தினார்.

அவர் செய்த பெருங்காரியம், தொலைபேசி இணைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டதே. காணாமற்போன நாய், மலைப்பாதையில் சரிந்த பாறை, குழாயில் தண்ணீர் வராத தெரு என எதைப் பற்றியும் யாரும் அழைக்கலாம். அழைத்தவரின் குரல் அப்படியே தீவெங்கும் கேட்கும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் கரும்புத் தோட்டத்தில் உழைத்த ‘மலபார்’ குடும்பத்தவர்; தென்னிந்திய, பெரும்பாலும் தமிழ் வழிவந்தவர்களை அத்தீவில் அப்படித்தான் அழைப்பார்கள். அரசு அலுவலகத்தில் வாய் திறக்கவே தயங்குவார். அவர் ஒருநாள் தீமிதித் திருவிழாவின் நேரத்தை அறிவிக்க அழைத்தபோது, சமையலறை வானொலியின் ஒலியைக் குறைக்கும்படி அறிவிப்பாளர் சொல்ல, அவருடைய மகன் ஓடிப்போய்க் குறைத்தான். பிறகு அவர் தங்குதடையின்றிப் பேசினார். புயல் நாட்களில் மின்சாரம் நின்றதும் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்காருவோம். எந்தப் பாலத்தின்மேல் வெள்ளம் ஓடுகிறது என்பதை அங்கேயே இருப்பவர் சொல்லக் கேட்போம்.

சூத்ர் நடத்திய தொலைக்காட்சியின் ஒளிபரப்புக் கருவிகளை 1991 பிப்ரவரியில் அரசு கைப்பற்றியதும், சேன் தெனியின் ஷோத்ரோன் பகுதியில் கலவரம் மூண்டு 8 பேர் உயிரிழந்தனர். வேலையின்மையால் புழுங்கிக் கிடந்த இளைஞர்களின் கோபம் அதில் வெடித்தது என்றே நான் கருதுகிறேன். 1992 தேர்தலுக்குப் பின் சூத்ர், தீவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையான மண்டல மன்றத்தின் தலைவரானார். வானொலியைத் தேர்தல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தினார் என்று அந்தத் தேர்தல் செல்லாததாக்கப்பட்டது. அவரை எவ்வளவு மதித்தாலும், பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒலிவாங்கியைத் தம் வாக்குக்காகத் திருப்பியது தவறு என்பேன். பக்கத்து வீட்டு அம்மாளோ அந்தத் தீர்ப்பை ஒருநாளும் ஏற்கவில்லை. 1993 மறுதேர்தலில் சூத்ரின் மனைவி மார்ஜியின் வேட்பாளர் பட்டியலுக்கே வாக்களித்தார், மார்ஜியும் வென்று 1998 வரை மன்றத் தலைவராக இருந்தார்.