கோடி வீட்டு சார்

அம்பாசமுத்திரத்துக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலையில் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நான் செய்த தப்பு அதுதான். தப்பு என்று தெரிய நாலு மாதம் ஆனது.

எனக்கு வயது 51. அதில் 24 வருடம் சென்னை. பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான், என் ஆபீஸ் மொத்தமும் ஒரு லேப்டாப்புக்குள் அடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் குற்றால சீசனுக்குப் போகலாம் என்று திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினோம். கல்லிடைக்குறிச்சி தாண்டி வண்டி தாமிரபரணிப் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு, இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் மேகம் மூடிய மலை. "இங்கேயே வந்து இருந்துட்டா என்ன?" என்றேன். "மொதல்ல உள்ள வந்து உட்காருங்க, வாசல்ல நிக்காதீங்க" என்றாள் மனைவி. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வீடு தெருக் கோடியில் கிடைத்தது. அதைத் தாண்டினால் வாய்க்கால், வயல், அப்புறம் மயில்கள். வாடகை சென்னையில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

சரி, டீக்கடை. பெஞ்சில் ஆறேழு பேர். கடைக்கு ஒரே ஒரு பேப்பர், அதை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு தாள் கிடைத்தது. கூடவே விசாரணையும்.

"சாருக்கு எந்த ஊரு?"

"சென்னை."

"இங்கன யாரு வீட்டுக்கு வந்திருக்கீய?"

"குடியே வந்துட்டோம்ங்க."

"சொந்தக்காரங்க இருக்காவளோ?"

"இல்லைங்க."

"வேலை மாத்தலா?"

"இல்லை."

"வயலு கியலு வாங்கியிருக்கீயளா?"

அதுவும் இல்லை. கண்ணாடி போட்ட ஓர் அண்ணாச்சி தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பொறவு?"

"மனசுக்குக் கொஞ்சம் அமைதி வேணும்னு வந்தோம்."

நான் சொன்னது இவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் டம்ளரைச் சத்தம் வராமல் பெஞ்சில் வைத்தார். யாரும் பேசவில்லை. கொஞ்சம் கழித்துப் பேச்சை மாற்றுகிற மாதிரி ஒருவர், "அந்தத் தாள்லதான் போட்டிருப்பான், அணை இன்னைக்கு எத்தன அடின்னு பாருங்க சார்" என்றார்.

"எந்த அணை?" என்றேன்.

இந்தப் பக்கத்தில் வாயிலிருந்து வரக்கூடாத கேள்வி அது. அணை நிரம்பப் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதுவும் அது மே மாதம். ஜூன் முதல் தேதி கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா என்று ஊரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம். நானோ 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதுதான் செம்பரம்பாக்கம் என்று ஓர் ஏரி இருப்பதையே கவனித்தவன். 2019 கோடையில் அது வறண்டபோதும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தேனே ஒழிய, எத்தனை அடி என்று பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் போனபோது நான் வாயைத் திறக்குமுன்பே அண்ணாச்சி, "மாஸ்டர், சாருக்குப் பால் குடு" என்றார்.

"இல்லைங்க, டீதான்..."

"டீ சூடுல்லா. தூக்கத்தக் கெடுக்கும். பாலக் குடிங்க."

பனங்கற்கண்டு போட்ட பால் வந்தது. புது ஆளுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். அடுத்த ஆறு மாதமும் அந்தக் கடையில் எனக்குப் பால்தான்.

ஊரே அப்படித்தான் தாங்கியது. மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, "மூணு பத்து ரூவா, பாத்துக்கிட்டீயளா" என்பார். ஆட்டோக்காரர் என்னை ஏற்றினால் சைக்கிள் வேகத்தில்தான் போவார். நான் எதைச் சொன்னாலும் யாரும் மறுத்ததில்லை. மண்டையைப் பிளக்கிற வெயிலில் "மழை வரும்போல இருக்கே" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். "ஆமா சார், வரும் சார்" என்றார்கள் இரண்டு பேர். கல்யாணம் ஆனதிலிருந்து என்னோடு இப்படி ஒத்துப்போன மனிதர்களை நான் பார்த்ததில்லை.

ஆடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. குழாய் ரேடியோவை எங்கள் மாடிக்கு நேராகக் கட்டிவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அமைதி தேடி வந்தவனுக்கு இது தேவைதான் என்று நொந்துகொண்டே விழாக்காரர்களிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடி விழாவிட்டால் போதும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "நீங்க பைய வீட்டுக்குப் போங்க சார்" என்றவர், உடனே திரும்பி, "ஏலே, குழாயத் திருப்பிக் கட்டு! சாருக்குச் சத்தம் ஆகாது" என்றார். கொடைக் குழாயைத் திசை திருப்பவைத்த ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் தெருப் பிள்ளைகள் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "கோட்டி சார் வீட்டுல பந்து விழுந்துட்டு!" என்று கத்துவார்கள். தெருக் கோடி வீடு, அதனால் கோடி வீட்டு சார். திருநெல்வேலித் தமிழில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்கள்போல என்று நானே இலக்கணம் வகுத்துக்கொண்டேன். பெயர் பிடித்தும் போனது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் அதையே அடையாளம் சொன்னேன். கூரியர் பையன் ஒருநாள் வழி கேட்டுக் கூப்பிட்டான்.

"தெருவுக்குள்ள வந்து கோடி சார் வீடுன்னு கேளுப்பா, யாரும் காட்டுவாங்க."

"கோட்டி சாரா?"

"ஆமா, அவருதான் பேசுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பார்சல் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிக் கொடுத்தான்.

எதிர்வீட்டு ஆச்சி கல்லிடை அப்பளக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என் மனைவியிடம் பேச வந்தது ஆவணியில். நான் வாய்க்கால் கரையில் மயிலைப் பார்த்தபடி நின்றிருந்தேன். ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "எத்தன வருசமா இப்படி இருக்காவ?" என்று கேட்டிருக்கிறார். சும்மா நிற்பதைத்தான் கேட்கிறார் என்று இவள் நினைத்து, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே இப்படித்தான் ஆச்சி" என்றிருக்கிறாள். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒனக்குப் பொறும சாஸ்தி தாயி. அகத்தியர் அருவியில ஒரு மண்டலம் குளிக்கச் சொல்லு. குத்தாலம்னா சீசன் முடிஞ்சா நின்னுரும். இங்க வருசம் பூரா விழும். உச்சந்தலையில விழணும், அதான் கணக்கு."

ஒரு மண்டலமெல்லாம் முடியவில்லை. ஆனால் ஆச்சியின் பேரன் நாலு ஞாயிற்றுக்கிழமை என்னை பாபநாசத்துக்குக் கூட்டிப்போனான். அவனும் அவன் கூட்டாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தண்ணீருக்கு நேர் கீழே நிறுத்துவார்கள். பாறை வழுக்கும், அதற்காகப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நாலாவது வாரம், "இப்ப எப்படி சார் இருக்கு?" என்றான். "மனசே லேசாயிட்டுதுப்பா!" என்றேன். அவன் ஈரத்தோடு ஓரமாகப் போய் போனை எடுத்தான். "ஆச்சி, கேக்குது ஆச்சி, நல்லா கேக்குது."

கோட்டி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் பைத்தியம் என்று என் மனைவி ஆச்சியிடமிருந்தே தெரிந்துகொண்டாள். தெரிந்த பிறகும் ஒரு வாரம் என்னிடம் சொல்லாமல் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் நேரே டீக்கடைக்குப் போனேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"ஆமா சார், ஒண்ணும் இல்ல" என்றது மொத்த பெஞ்சும், ஒரே குரலில், அவசரமாக. மாஸ்டர் அன்றைக்குப் பனங்கற்கண்டு ஒரு கரண்டி கூடப் போட்டார்.

அதற்குமேல் என்ன சொல்ல? நான் பைத்தியம் இல்லை என்று சொல்லச் சொல்ல அதுவே சாட்சியாகிறது. பேசாமல் பாலைக் குடித்துக்கொண்டு, கிடைத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி கடைசியில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் கடைக்குப் போய்த் தாளைப் பிரித்தேன். யாரும் கேட்கவில்லை. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"பாபநாசம் 139. நேத்து 136 அரைதான் இருந்துச்சு. வரத்து இப்படியே இருந்தா கார்த்திகைக்குள்ள ரொம்பிரும். மணிமுத்தாறுதான் இன்னும் தேறல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்டர்," என்றார், "சாருக்கு ஒரு டீ. ஸ்ட்ராங்கா."