சொம்பின் அடிவளைவு: ஒரு செமஸ்டர் நாட்குறிப்பு

ஜூலை 3, 2024

ஓவிய அறிமுகம், முதல் வகுப்பு. விருப்பப் பாடம் என்பதால் வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பி.காம். பெயர்கூடக் கேட்கவில்லை. மேசை நடுவில் பித்தளைச் சொம்பை வைத்து, "20 நிமிஷம், கண்ணுக்குத் தெரியறதை வரைங்க" என்றேன். "எனக்கு வரையவே வராது மேடம்" என்று நாலைந்து குரல்கள். மார்க் கிடையாது என்று சொன்ன பிறகுதான் பென்சில்கள் நகர்ந்தன.

தாள்களை வாங்கிப் பின்புறம் தேதி போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். ஒன்றிலும் திருத்தம் போடவில்லை. போன வருஷம் இதைச் செய்யாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. செமஸ்டர் முடிவில் நல்ல படங்களுக்கு நல்ல மார்க் போட்டேன். அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் கற்றது எவ்வளவு, வரும்போதே கொண்டுவந்தது எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

ஜூலை 5

இரவு எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே பிழை: சொம்பின் வாய் முழு வட்டம், அடிப்பாகம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடு. வாய் வட்டமானது, மேசை தட்டையானது என்று மனசுக்குத் தெரியும். கண் பார்ப்பதற்குள் மனசு முந்திக்கொண்டு வரைந்துவிடுகிறது. கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் சொம்பின் வாய் நீள்வட்டமாகத்தான் தெரியும். பார்வைக்குக் கீழே போகப்போக அந்த நீள்வட்டம் அகலும். அதனால் அடிவளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். இந்த ஒரு கோட்டை வைத்தே ஒரு பிள்ளை பார்க்கக் கற்றுக்கொண்டதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஜூலை 24

மதிப்பீட்டுப் படிவத்தில் 'படைப்பாற்றல் 10, நேர்த்தி 10' என்று இருக்கிறது. நானும் சக ஆசிரியரும் ஒரே படத்துக்குத் தனித்தனியாக மார்க் போட்டுப் பார்த்தோம். படைப்பாற்றலுக்கு நான் 8, அவர் 4. டீ ஆறிப்போகும்வரை வாதாடினோம். அந்தச் சொல்லுக்கு எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே பொருள் இல்லை என்பதுதான் தெரிந்தது.

அதை அடித்துவிட்டு, கண்ணால் சரிபார்க்கக் கூடியவற்றை எழுதினோம். அடிவளைவு சரியா? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நிழல் சொல்கிறதா? பொருள்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தையும் ஒரு வடிவமாகப் பார்த்திருக்கிறார்களா? மறுபடி போட்டபோது எங்களுக்குள் ஒரு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. 'நேர்த்தி'யையும் எடுத்துவிட்டோம். நல்ல தாள் வாங்க முடிந்த பிள்ளைக்கு அது சும்மா மார்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 17

எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் சனிக்கிழமை போனோம். திருவாலங்காட்டு நடராஜர் வெண்கலச் சிலை முன்னால் உட்காரவைத்து, "பலகையைப் படிக்காதீங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றேன். நடராஜரைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இங்கே வந்ததில்லை என்பதையும் சொன்னேன். சென்னை நடராஜர்களின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, உடம்பைப் பகுதி பகுதியாகப் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரை அச்சானது 1921-ல், அவர் மறைந்து 4 வருஷம் கழித்து.

முதல் மாதத்தில் எதைக் காட்டினாலும் "அழகா இருக்கு", "தெய்விகமா இருக்கு" என்று எழுதிய பையன் இன்று எழுதியது: "வலது முட்டி மடங்கியிருக்கு. மொத்தக் கனமும் அந்த ஒரு பாதத்துல. முன்னாடி இருக்கற இடது கை உடம்பைத் தாண்டிப் போய் தூக்கின காலைக் காட்டுது."

தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில், திருவாலங்காடு ஸ்டேஷனைத் தாண்டி வருகிற மாணவி கேட்டாள்: "திருவாசி எங்க மேடம்? எங்க பக்கத்துக் கோவில்கள்ல சுத்தி இருக்குமே!" திருவாசி என்றால் சிலையைச் சுற்றி நிற்கும் சுடர் வளையம்; இந்தச் சிலைக்கு அது இல்லை. இல்லாத ஒன்றைக் கவனித்திருக்கிறாள்! என் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. தனியாகக் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11

பள்ளியிலேயே அரசு ஓவியத் தேர்வுகளான லோயர், ஹையர் இரண்டும் முடித்த பையன் கோபமாக வந்தான். தன் படம் நன்றாக இருந்தும், சுமாராக வரைகிற பெண்ணுக்கு எப்படிக் கூடுதல் இன்டர்னல் மார்க்? நியாயமான கேள்வி. எட்டிய நிலைக்குப் பாதி, கடந்த தூரத்துக்குப் பாதி என்று பிரித்திருப்பதை விளக்கி, அவனுடைய ஜூலைத் தாளையும் இந்த வாரத் தாளையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றுபோலவே அழகு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் போனபிறகு என் மேல்தான் வருத்தம் வந்தது. ஏற்கெனவே தெரிந்தவன் முன்னால் அதே சொம்பை வைத்துவிட்டு, ஏன் நகரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? மதியம் கூப்பிட்டு ஒரு ஸ்டூலைக் காட்டி, "ஸ்டூலை வரையாதே, கால்களுக்கு நடுவில் இருக்கற இடைவெளிகளை மட்டும் வரை" என்றேன். தாள் கிழிகிற அளவுக்கு அழித்து அழித்துப் போட்டான். முதல் தடவையாக அவன் தடுமாறுவதைப் பார்த்தேன்.

அக்டோபர் 23

அதே சொம்பு, அதே 20 நிமிஷம். முடிந்ததும் ஜூலைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். திருத்தணிப் பெண் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அன்னைக்கு எனக்கு இது வட்டமாத்தான் தெரிஞ்சுது மேடம், நிஜமா" என்றாள்.

ஐந்து பேருக்கு அடிப்பாகம் இன்னும் நேர்கோடுதான். அதில் ஒருவன், அது ஏன் வளையவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறான், கைதான் கேட்கவில்லை. புரிதலுக்கு உரிய மார்க்கை அவனுக்குப் போட்டுவிட்டேன்.

நாளை மதியம் ஐந்து பேரையும் வரச்சொல்லியிருக்கிறேன். சொம்பைத் தரையில் வைத்து, முதலில் நேர்மேலே நிற்கவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனியவைத்து, கடைசியில் கண் சொம்பின் வாய்க்கு நேராக வரும்வரை தரையில் படுக்கச் சொல்லப்போகிறேன்.