ரவுட்டர் வரைக்கும் சுத்தம்

ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்தால் கரண்ட் போவது வாடிக்கை. போன மழைக்காலத்தில் கரண்ட் இருந்தும் நெட் விட்டுவிட்டு வந்ததுதான் தாங்க முடியவில்லை. நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வீடு. என் வேலையோ நாள் முழுக்க வீடியோ மீட்டிங். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி சிலையாகிவிடுகிறேனாம். கஸ்டமர் கேரில் ஒரே மந்திரம்: "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." சிவப்பு விளக்கு எரியாததால் அவர்கள் கணக்கில் லைன் நல்லாயிருந்தது.

"பிங் போட்டுப் பாருங்க மாமா" என்றான் சென்னையில் இருக்கும் மச்சினன். பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பது மாதிரி ஒரு சின்ன புரோகிராம். நெட்டில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட், எத்தனை திரும்பவே இல்லை என்று சொல்லும். 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதியது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் இடம் கண்டுபிடிக்கும் சோனார் கருவி எழுப்பும் ஓசைதான் பெயர். விண்டோஸில் சும்மா அடித்தால் நாலே பொட்டலம்தான் போகும். விட்டுவிட்டு வரும் கோளாறு அந்த நாலில் சிக்காது. '-n 100' சேர்த்து நூறு அனுப்பினேன்.

முதலில் வீட்டு ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு. அடுத்து வெளியே இருக்கும் கூகுள் சர்வருக்கு, அதாவது 8.8.8.8-க்கு. இரண்டிலும் பத்துப் பதினைந்து காணாமல் போயின. ஆதாரம் கிடைத்த தெம்பில் சண்டை போட்டு ஆளை வரவழைத்தேன். வந்த தம்பி திரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "ரவுட்டருக்கே போய்ச் சேரலியேங்ணா. இந்தக் கல்லுச் சுவத்துல வைஃபை எப்படிங்ணா வரும்? ஒயர்ல போட்டுப் பாருங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு மானம் போனது.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் சேலத்தில் லேன் கேபிள் வாங்கி வந்தேன். இப்போது ரவுட்டருக்கு நூற்றுக்கு நூறு, ஒரு மில்லிசெகண்டுக்குள். 8.8.8.8-க்குப் பதினான்கு காலி. பெயருக்குப் பதில் எண்ணைக் கொடுத்தே அனுப்பியதால், வெப்சைட் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மேலும் பழி போட முடியாது. ரவுட்டர் வரைக்கும் சுத்தம். அதற்கு அந்தப் பக்கம்தான் ஓட்டை.

'ட்ரேசர்ட்' போட்டபோது இன்னொரு தடவை ஏமாறப் பார்த்தேன். வழியில் இருக்கும் ரவுட்டர்களை அது வரிசையாகக் காட்டும். நாலாவது வரியில் வெறும் நட்சத்திரங்கள். 'மாட்டினான்டா' என்று குதித்தேன். அதற்குக் கீழே உள்ள வரிகள் ஒழுங்காகப் பதில் சொல்வதை மச்சினன்தான் காட்டினான். சில ரவுட்டர்கள் பொட்டலத்தை ஒழுங்காகக் கடத்திவிடும், நம் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லாது. ஓரிடத்தில் ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் தொடர்கிற இழப்புதான் கவலைப்பட வேண்டியது.

அப்புறம் பிங்கை '-t' போட்டு நிறுத்தாமல் ஓடவிட்டு, பொட்டலம் விழும் நேரங்களை மிளகு நிறுவைக் கணக்கு நோட்டில் குறித்தேன். மூன்று நாளில் தெரிந்துபோனது: காற்று வீசும்போதெல்லாம் விழுகிறது.

இந்த முறை போனில் நான் கத்தவில்லை. இரண்டு எண்ணிக்கையையும் காற்றையும் சொன்னேன். அதே தம்பி வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரோடு வந்து, வீட்டுக்கு நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிளை அதில் செருகினான். மைனஸ் 29 டிபிஎம். வெளிச்சத்தின் அளவு அது; மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு. "27-ஐத் தாண்டினாலே தடுமாறுங்ணா." கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். வேலியோரச் சில்வர் ஓக்கின் கிளை ஒன்று கேபிள் மேல் சாய்ந்து, அதை முழங்கை மாதிரி மடக்கியிருந்தது. அவ்வளவு மடங்கினால் உள்ளே ஓடும் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். அந்தத் துண்டை வெட்டி ஒட்டினான். மைனஸ் 21. எட்டு டெசிபல் என்றால் ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம்.

திரும்ப நூறு அனுப்பினேன், நூறும் வந்தன. கிளையைக் கழிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருப்பதால், காய் பறித்த பிறகுதான் கை வைப்பேன் என்கிறார். அதுவரைக்கும் கிளையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.